எகிப்தியக் கல்தூபிகளும் மதுரை இராயகோபுரமும்: ஓர் ஒப்பீட்டின் மீதான திறனாய்வு

முன்னுரை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலுக்கு எதிரே புதுமண்டபம் உள்ளது. அதையும் கடந்து கிழக்கே சென்றால், கடைகளுக்கு நடுவே மேற்பகுதி இல்லாமல் நிற்கும் பெரிய கல்வேலை ஒன்றைக் காணலாம். இதுவே இராயகோபுரம். திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கப்பட்டு நிறைவு பெறாமல் நின்றுபோன கோபுரம் இது. எழுமலை, பேரையூர், உசிலம்பட்டி பகுதிகளிலிருந்து சித்திரைத் திருவிழாவிற்கு வரும் மக்களில் பலர் இதன் ஓரமாகவே நடந்து செல்கின்றனர். ஆனால் இது ஒரு கோபுரம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

இந்தக் கோயிலைப் பார்த்த ஐரோப்பிய அறிஞருக்கு எகிப்து நினைவுக்கு வந்தது. பண்டைய எகிப்தியரின் வாயிற்கோபுரங்கள், தூண்மண்டபங்கள் ஆகியவற்றோடு தமிழகக் கோயில்களை ஒப்பிடும் வழக்கம் அன்று தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. இன்று சமூக ஊடகங்களில் இந்த ஒப்பீடு தலைகீழாகத் திரும்பி, எகிப்தியருக்குக் கட்டடக்கலை கற்பித்தவர் தமிழரே என்ற வடிவில் உலவுகிறது. இவ்வொப்பீட்டில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபெர்குசன் செய்த ஒப்பீடு

ஜேம்ஸ் ஃபெர்குசன் (1808-1886) வங்காளத்தில் அவுரி வணிகம் செய்தவர். பின்னர் இந்தியா முழுவதும் பயணம் செய்து கட்டடங்களை வரைந்தும் அளந்தும் பதிவு செய்தார். 1876-இல் வெளிவந்த அவரது இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலை வரலாறு, இத்துறையில் எழுந்த முதல் பெருநூல் எனலாம். அந்நூலில் திராவிடக் கோயில்களுக்கும் எகிப்தியக் கோயில்களுக்கும் உள்ள ஒற்றுமைகளை அவர் அடுக்கிக் காட்டுகிறார். கோபுரங்கள் எகிப்திய வாயிற்சுவர்களை ஒத்திருக்கின்றன. தூண்கள் சூழ்ந்த முற்றங்கள் இரண்டிலும் உள்ளன. ஆயிரங்கால் மண்டபங்கள் எகிப்தியத் தூண்மண்டபங்களை நினைவூட்டுகின்றன. கருவறைக்கு மேல் ஓங்கிய விமானம் தஞ்சையைத் தவிரப் பெரும்பாலும் இல்லை. கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன என்பன அவர் கூறும் செய்திகள்.

நேரடித் தொடர்பு இருந்தது என்று அவர் நிறுவவில்லை. ஆயினும் இரு மரபுகளிலும் உழைப்பைக் காட்டுவதற்காகவே உழைப்பு கொட்டப்பட்டுள்ளது என்பது அவரது தீர்ப்பு. நடுவில் உயர்ந்த விமானமும் அதைச் சுற்றித் தாழ்ந்த கட்டடங்களும் கொண்ட தஞ்சைப் பெரிய கோயிலை அவர் போற்றுகிறார். உள்ளே சிறிதாகத் தொடங்கி வெளியே பெரிதாகிக்கொண்டே போகும் திருவாரூர், மதுரை போன்ற கோயில்களைத் திட்டமில்லாத குவியலாகக் காண்கிறார். அவரது ஒப்பீட்டில் கூர்ந்த கவனிப்பு உண்டு. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி. அதற்கு முதலில் எகிப்தியக் கோயில் எப்படி அமைந்தது என்று பார்க்க வேண்டும்.

எகிப்தியக் கோயிலின் அமைப்பு

எகிப்தின் புதிய அரசுக் காலக் கோயில் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் அமைந்தது. முதலில் பைலான் எனப்படும் வாயிற்சுவர், அடுத்துத் திறந்த முற்றம், அதன்பின் தூண்மண்டபம், இறுதியில் இருண்ட கருவறை. உள்ளே செல்லச் செல்லத் தரை சிறிது சிறிதாக உயரும், கூரை தாழும், வெளிச்சம் குறையும். கருவறைக்குள் அரசனும் பூசகரும் மட்டுமே செல்லலாம். பொதுமக்கள் திருவிழாக் காலங்களில் வெளி முற்றம்வரை வரலாம்.

நாள்தோறும் தெய்வத்தைத் துயிலெழுப்பி, நீராட்டி, ஆடை அணிவித்து, உணவு படைப்பது அங்கு வழிபாட்டு முறையாக இருந்தது. ஓபெத் திருவிழாவில் ஆமூன் தெய்வத்தின் உருவத்தை ஓட வடிவிலான சப்பரத்தில் வைத்து, கர்னக் கோயிலிலிருந்து லக்சர் கோயிலுக்கு எடுத்துச் சென்றனர். திருப்பள்ளியெழுச்சியும் அபிடேகமும் நைவேத்தியமும் வீதியுலாவும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது வியப்பைத் தரும். ஃபெர்குசன் கண்ட கட்டட ஒற்றுமையைவிட இந்த வழிபாட்டு ஒற்றுமை ஆழமானது. கடவுளை ஓர் அரசராகவும், கோயிலை அவர் குடியிருக்கும் அரண்மனையாகவும் கருதும் சமுதாயங்களில் இத்தகைய நடைமுறைகள் தனித்தனியே தோன்றக்கூடும். 'கோயில்' என்ற நம் சொல்லே அரசன் இல்லத்தையும் இறைவன் இல்லத்தையும் குறித்து வந்துள்ளது.

கல்தூபி

ஒபிலிஸ்க் எனப்படும் கல்தூபி ஒரே கல்லில் வெட்டப்பட்ட நாற்பக்கத் தூண். மேலே செல்லச் செல்லக் குறுகி, உச்சியில் சிறிய பிரமிடு போல முடியும். உச்சிக்குப் பொன் அல்லது பொன்வெள்ளிக் கலவைத் தகடு போர்த்துவதுண்டு. காலைக் கதிர் முதலில் படும் இடம் அதுவே. கதிரவன் வழிபாட்டோடு பிணைந்த இத்தூபிகளைப் பெரும்பாலும் இணையாக வாயிற்சுவரின் முன் நிறுத்தினர். ஒபிலிஸ்க் என்பது கிரேக்கர் வைத்த பெயர். இறைச்சி சுடும் சிறிய கம்பி என்பது அதன் பொருள். எகிப்தியர் அதைத் 'தெகென்' என்று அழைத்தனர்.

இன்று எகிப்தில் நிற்கும் பழைய பெரிய தூபி, கெய்ரோவின் மத்தாரியா பகுதியில் உள்ள முதலாம் செனுஸ்ரெத்தின் தூபியாகும். ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையுடைய இதன் உயரம் சுமார் 68 அடி. கர்னக்கில் அரசி ஹட்செப்சுட் நிறுத்திய தூபி ஏறக்குறைய 97 அடி உயரமும் 300 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. அந்த வேலை ஏழு மாதங்களில் முடிந்ததாக அதன் அடிக்கல்வெட்டு கூறுகிறது.

இவற்றுக்கான கருங்கல் அசுவானில் வெட்டப்பட்டது. அங்கு நிறைவுபெறாத தூபி ஒன்று பாறையோடு ஒட்டியபடியே கிடக்கிறது. முடிந்திருந்தால் அதன் உயரம் சுமார் 137 அடி. எடை 1,000 டன்னைத் தாண்டும். வேலை நடக்கும்போதே கல்லில் விரிசல் கண்டதால் கைவிட்டனர். அன்று எகிப்தியரிடம் இரும்பு உளி இல்லை. டாலரைட் எனும் கடினமான கல்லுருண்டைகளால் பாறையை இடித்து இடித்துப் பள்ளம் தோண்டினர். அந்தப் பள்ளங்களின் சுவடுகளை இன்றும் அங்கே காணலாம்.

வாயிற்சுவரும் கோபுரமும்

ஃபெர்குசனின் ஒப்பீட்டில் முதன்மையானது இதுதான். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டும் உள்நோக்கிச் சரிந்த பக்கங்கள் உடையவை, கோயிலுக்கு முன்னே உயர்ந்து நிற்பவை, கருவறையை மறைப்பவை. ஆனால் அருகில் சென்று பார்த்தால் அடிப்படை வேறுபாடு தெரியும்.

எகிப்திய வாயிற்சுவர் இரண்டு கோபுரங்களால் ஆனது. வாயில், அவற்றுக்கு இடையே தாழ்ந்த இடைவெளியில் அமைந்துள்ளது. இரு மலைகளுக்கு இடையே கதிரவன் எழும் காட்சியை இவ்வடிவம் குறிப்பதாக எகிப்தியவியலார் விளக்குவர். ஆகவே அங்கு அந்த இடைவெளிதான் பொருள் தருகிறது. தமிழகக் கோபுரமோ ஒரே கோபுரம். அது வாயிலின் மேலேயே எழுகிறது. நுழைபவர் அதன் அடிவயிற்றில் புகுந்து மறுபக்கம் வருகிறார். நடுவே இடைவெளி இருக்கும் கட்டடமும் நடுவே உச்சி இருக்கும் கட்டடமும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை ஆகா.

கட்டும் முறையும் வேறு. எகிப்திய வாயிற்சுவர் கல்லால் ஆன வெளிச்சுவரும், உள்ளே பழைய கட்டடக் கற்களை இட்டு நிரப்பிய கூடும் கொண்டது. கர்னக்கின் மூன்றாம் வாயிற்சுவருக்குள் இருந்துதான் செனுஸ்ரெத்தின் வெள்ளைக் கோயில் துண்டு துண்டாக மீட்கப்பட்டு மீண்டும் அமைக்கப்பட்டது. தமிழகக் கோபுரத்தில் அடித்தளமும் கீழ்ப்பகுதியும் மட்டுமே கருங்கல். மேலுள்ள நிலைகள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்டுச் சுதை உருவங்களால் நிறைகின்றன. எடை குறைவதால்தான் அத்தனை நிலைகள் உயர முடிகிறது.

கோபுரத்தின் வளர்ச்சியையும் தமிழகத்துக்குள்ளேயே படிப்படியாகக் காண முடிகிறது. பல்லவர் காலக் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் வாயில் சிறியது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் கேரளாந்தகன், இராசராசன் என்னும் இரு திருவாயில்கள் உள்ளன. விமானத்தின் முன் அவை தாழ்ந்தே நிற்கின்றன. பிற்காலச் சோழர் காலத்தில் சிதம்பரத்தில் கோபுரங்கள் ஏழு நிலைகளாக உயர்கின்றன. மதுரைக் கிழக்குக் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. விசயநகர, நாயக்கர் காலங்களில் அவை மேலும் வளர்கின்றன. மதுரைத் தெற்குக் கோபுரம் 16-ஆம் நூற்றாண்டில் சுமார் 170 அடி உயரத்திற்கு எழுந்தது. இவ்வளவு தெளிவான உள்வளர்ச்சி இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு மூலத்தைத் தேட வேண்டிய தேவையே எழவில்லை.

தூண்மண்டபங்கள்

கர்னக்கின் பெரிய தூண்மண்டபத்தில் 134 தூண்கள் உள்ளன. நடுவரிசைகளில் உள்ள 12 தூண்கள் சுமார் 69 அடி உயரமுடையவை. பாப்பிரசு நாணல் மலர்ந்த வடிவில் அவற்றின் தலைப்பகுதி அமைந்துள்ளது. உலகம் தோன்றிய காலத்துச் சதுப்பு நிலமே அம்மண்டபத்தில் கல்லாகி நிற்கிறது என்பர். நடுப்பகுதி உயர்ந்து, பக்கங்கள் தாழ்ந்து, இடையிலுள்ள கற்சாளரங்கள் வழியே ஒளி வருகிறது.

மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. அவை கர்னக் தூண்களைப்போலப் பருத்தவை அல்ல. யாளிகளும் புராணப் பாத்திரங்களும் குறவன் குறத்தியும் தூணிலிருந்து முன்னே வந்து நிற்கின்றனர். அங்கே தூண் ஒரு செடி. இங்கே தூண் ஒரு மேடை.

பிறகு ஏன் இரண்டும் காடுபோலத் தூண்கள் நிறைந்த மண்டபங்களாக உள்ளன? விடை கல்லின் இயல்பிலேயே உள்ளது. கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நீண்ட கல்லுத்திரம் தன் எடையாலேயே நடுவில் முறிந்துவிடும். வளைவு கட்டாமல் தூணும் உத்திரமும் கொண்டு பரந்த இடத்தைக் கூரையிட வேண்டுமானால் தூண்களை நெருக்கமாக நிறுத்தியே ஆக வேண்டும். எகிப்தியர் இதற்குத் தூணைப் பெருக்கவைத்தனர். தமிழகச் சிற்பிகள் தூணின் தலையில் பொதிகையை நீட்டி, உத்திரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைத்தனர். சிக்கல் ஒன்று, தீர்வுகள் இரண்டு. ஃபெர்குசன் சிக்கலின் ஒற்றுமையைத் தீர்வின் ஒற்றுமையாக எண்ணிவிட்டார் எனலாம்.

கருவியின் வேறுபாடும் இங்கே கவனிக்கத்தக்கது. கல்லுருண்டையால் இடித்துச் செய்த கல்தூபியின் அழகு, அதன் வழவழப்பான தளத்திலும் நேரான விளிம்பிலும் உள்ளது. எழுத்துகள் தளத்துக்குள் குழிவாகவே வெட்டப்பட்டன. எஃகு உளி கையிலிருந்த தமிழகச் சிற்பி, கல்லைக் குடைந்து உள்ளே சென்றான். யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையும் கற்சங்கிலியும் அந்த உளியின் பிள்ளைகள்.

கொடிமரமும் கல்தூபியும்

கல்தூபிக்கு இணையாக நம் கோயில்களில் கொடிமரத்தைக் காட்டுவோர் உண்டு. இரண்டும் கோயிலின் அச்சில் தொடர்புடையவை, பொற்தகடு போர்த்தப்படுபவை என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் கல்தூபி வாயிலுக்கு வெளியே இணையாக நிற்பது. கொடிமரம் சன்னதிக்கு எதிரே தனியாக நிற்பது. கொடிமரம் மரத்தால் ஆனது. திருவிழாத் தொடக்கத்தை அறிவிப்பது அதன் பணி.

உண்மையில் கொடிமரத்துக்கு நெருங்கிய எகிப்திய உறவு வேறொன்று உண்டு. எகிப்திய வாயிற்சுவரின் முகப்பில் செங்குத்தான நீண்ட பள்ளங்களைக் காணலாம். அவற்றில் உயர்ந்த மரக்கம்பங்களை நிறுத்திக் கொடிகளைப் பறக்கவிட்டனர். மரம் அழிந்துவிட்டது; பள்ளம் மட்டும் எஞ்சியுள்ளது. இன்று எகிப்து செல்வோர் கண்ணில் கல்தூபி மட்டுமே படுவதால் ஒப்பீடும் அதையே பற்றிக்கொள்கிறது. எஞ்சியதை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் உள்ள ஆபத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வண்ணத்திலும் இதே தவறு நேர்கிறது. எகிப்தியக் கோயில் அமைதியானது, மதுரைக் கோபுரம் கண்ணைப் பறிக்கும் வண்ணக் குவியல் என்று எழுதுவோர் உள்ளனர். எகிப்தியக் கோயில்களும் ஒருகாலத்தில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசப்பட்டவையே. எஸ்னா கோயிலில் புகைக்கரியை நீக்கியபோது அந்த வண்ணங்கள் வெளிவந்தன. பூசை நின்றுபோன கோயிலையும் பூசை நடக்கும் கோயிலையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

நிறைவுபெறாத இரு வாயில்கள்

ஒப்பீடு உண்மையிலேயே பயன் தரும் இடம் ஒன்று உண்டு. கர்னக்கில் மொத்தம் பத்து வாயிற்சுவர்கள் உள்ளன. இன்று பயணிகள் நுழையும் முதலாம் வாயிற்சுவர், காலத்தால் பிந்தியது, அளவில் பெரியது, நிறைவு பெறாதது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் முதலாம் நெக்தனெபோ காலத்தில் தொடங்கியதாகக் கருதப்படும் அதன் பின்புறம், கல் ஏற்றுவதற்கு இட்ட பச்சைச் செங்கல் சாய்தளத்தின் எச்சம் இன்றும் உள்ளது.

மதுரை இராயகோபுரமும் அப்படியே. கோயிலின் வெளிப்புறத்தில் இறுதியாக எழுந்தது, அளவில் மிகப் பெரியது, நிறைவு பெறாதது. அதன் அடித்தளம் சுமார் 174 அடி நீளமும் 107 அடி அகலமும் கொண்டது. தெற்குக் கோபுரத்தின் அடித்தள நீளம் 108 அடி அளவே. அதே விகிதத்தில் எழுந்திருந்தால் இராயகோபுரம் 270 அடியை எட்டியிருக்கும். இன்று 236 அடியில் நிற்கும் திருவரங்க இராசகோபுரத்தைவிட அது உயர்ந்ததாக இருந்திருக்கும். வாயிலின் இருபுறமும் நிற்கும் நிலைக்கற்கள் ஒவ்வொன்றும் 50 அடிக்கு மேற்பட்ட ஒற்றைக்கல். அவற்றில் கொடிக்கருக்கு வேலைப்பாடு நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. தமிழகத்தில் கல்தூபியோடு உயரத்தில் ஒப்பிடத்தக்க கல் எது என்று கேட்டால், இவற்றையே காட்ட வேண்டும். 1858-இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரைப் புகைப்படங்களிலும் இக்கோபுரம் இதே நிறைவுறா நிலையில்தான் காணப்படுகிறது.

திருமலை நாயக்கர் 1659-இல் மறைந்தார். பின்னர் சொக்கநாத நாயக்கர் காலத்தில் தலைநகரம் திருச்சிக்கு மாறியது. அரசு நகர்ந்ததும் கோபுரமும் நின்றது.

இவ்விரு வாயில்களும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. கருவறை புனிதமானது, அதைப் பெரிதாக்க முடியாது. தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்பும் அரசன் வெளியேதான் கட்ட வேண்டும். முன்னவர் கட்டியதைவிடப் பெரிதாகவும் கட்ட வேண்டும். எனவே உள்ளே சிறிது, வெளியே பெரிது என்ற அமைப்பு திட்டமின்மையால் வந்ததன்று, அதுவே திட்டம். ஃபெர்குசன் குவியல் என்று கண்டது, தலைமுறைகள் ஒன்றை ஒன்று மதித்து விலகி நின்று கட்டியதன் வரலாறு. மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக விரிவதைக் காண்பவர், கோபுரங்கள் ஏன் வெளிநோக்கி உயர்கின்றன என்பதையும் உணர்வர்.

தொடர்பு இருந்ததா?

தமிழகத்திற்கும் எகிப்துக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது வணிகத் தொடர்பு. செங்கடல் கரையிலுள்ள குசேர் அல்-காதிம், பெரெனிகே ஆகிய துறைமுகங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய பானையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் கணன், சாதன் முதலிய தமிழ்ப் பெயர்கள் காணப்படுகின்றன. பெரெனிகேயில் செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியத் தாழி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. இவை கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை.

அக்காலத்தில் எகிப்து உரோமரின் ஆட்சியில் இருந்தது. பெருங்கல்தூபிகள் வெட்டும் காலம் முடிந்து, இருந்தவற்றை உரோமுக்குக் கப்பலேற்றும் காலம் தொடங்கியிருந்தது. தமிழகத்திலோ கற்கோயில்கள் இன்னும் தோன்றவில்லை. மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. திருப்பரங்குன்றம் குடைவரைக் கல்வெட்டு 773-ஆம் ஆண்டினது. உயர்ந்த கோபுரங்கள் அதற்கும் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. ஆகவே எகிப்தியர் நமக்குக் கற்பித்தனர் என்பதும், நாம் எகிப்தியருக்குக் கற்பித்தோம் என்பதும் கால வரிசையில் நிற்கவில்லை. மிளகு கடல் கடந்தது, கோபுரம் கடக்கவில்லை.

கல்தூபி வடிவம் இந்தியாவுக்கு வந்தது ஐரோப்பியர் வழியாகத்தான்; கல்லறைச் சின்னமாகவும் போர் நினைவுத்தூணாகவும் வந்தது. புனே அருகே பீமா கோரேகானில், 1818 சனவரி 1-இல் நடந்த போரின் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுத்திய தூண் அவ்வடிவினதே. 1927-இல் அம்பேத்கர் அங்கு சென்றபின் அது ஒடுக்கப்பட்ட மக்களின் தன்மான அடையாளமாக மாறியது. கதிரவனுக்காகப் பிறந்த ஒரு வடிவம், கம்பெனியின் வெற்றித்தூணாகி, பிறகு மக்களின் தூணாகியுள்ளது. ஒரு வடிவத்தின் பொருளை அதன் பிறப்பிடம் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

ஃபெர்குசனின் ஒப்பீடு நமக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் செய்தது. உலகின் பெருங்கட்டடங்களோடு ஒரே வரிசையில் வைத்து மதுரையைப் பார்க்கச் செய்தது நன்மை. நம் கோயிலை அதன் சொந்த வளர்ச்சியால் விளக்காமல், வேறொன்றின் சாயலாகக் காணும் பழக்கத்தை உண்டாக்கியது தீமை. இன்று நாம் செய்யும் பெருமைப் பேச்சும் அதே பழக்கத்தின் மறுபக்கம்தான். அதிலும் எகிப்தே அளவுகோலாக இருக்கிறது.

அசுவானில் விரிசல் விட்டுக் கிடக்கும் தூபியைச் சுற்றிப் பாதை அமைத்து, கல் வெட்டிய முறையை மாணவர்க்கு விளக்குகின்றனர். முடியாத வேலை, முடிந்த வேலையைவிட அதிகம் கற்பிக்கும் என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர். இராயகோபுரமும் அத்தகைய பள்ளிக்கூடமே. மேலே சுதையும் வண்ணமும் மூடாததால், ஒரு கோபுரத்தின் கல் அடித்தளம் எவ்வாறு அடுக்கப்பட்டது, நிலைக்கல் எவ்வாறு பொருத்தப்பட்டது என்பதை அங்கே வெறுங்கண்ணால் படிக்கலாம். புதுமண்டபத்தில் நெடுங்காலம் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டதால் அதன் தூண்கள் மீண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. இராயகோபுரத்திற்கும் அந்த வெளி கிடைக்க வேண்டும். கர்னக்கைப் படத்தில் பார்த்து வியக்கும் மாணவர்கள், அடுத்த முறை மதுரைக்கு வரும்போது புதுமண்டபத்தைத் தாண்டி இன்னும் நூறடி நடந்து அந்த நிலைக்கல்லின் அடியில் நின்று மேலே பார்க்க வேண்டும்.